சுருட்டுக்கு வயது எழுதியவர்கள்

 கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ஏ9 வீதி வடக்கே தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று நீண்டு யாழ்ப்பாணத்தில் முடிகிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் விளைந்த புகையிலையும் அங்கே கையால் சுற்றிய சுருட்டும் ரயிலிலும் வீதியிலும் தெற்கே இறங்கி, மாத்தளை, கண்டி தொடங்கிச் சிங்கள ஊர்களின் கடைத்தெருக்களெங்கும் பரவிய காலம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்தார் ஒருவரின் சுருட்டுக் கடை இல்லாத தென்னிலங்கைப் பட்டினம் அப்போது அரிது. இன்று உலகில் சுருட்டைச் சுவைப்பதும் சேகரிப்பதும் பெரும் பணம் புழங்கும் பொழுதுபோக்கு. லண்டனிலும் ஹொங்கொங்கிலும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய ஹவானாச் சுருட்டுப் பெட்டிகள் ஏலத்துக்கு வருகின்றன. அந்த உலகில் யாழ்ப்பாணச் சுருட்டுக்கு ஒரு மூலைகூட இல்லை. இலையின் தரம், வாங்குபவரின் பணம், வெப்பநாட்டுத் தட்பவெப்பம் என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படும். எல்லாவற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அடிப்படைக் காரணம் வேறு என்பதே என் வாதம். கியூபாக்காரர்கள் தங்கள் சுருட்டைப் பற்றி எழுதி வைத்தார்கள். நாம் எழுதி வைக்கவில்லை.

சேகரிப்பவர் உண்மையில் எதைச் சேகரிக்கிறார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். கையால் சுற்றிய சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. நடுவில் திணிக்கும் உள்ளிலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, கண்ணுக்குத் தெரியும் மேலிலை. அறுவடையான இலையை உலர்த்தி, குவித்து, புழுங்கவைத்துப் பாடம் போடும்போது அதிலுள்ள அமோனியாவும் கார்ப்பும் குறைகின்றன. சுற்றி முடித்த பிறகும் இந்த மாற்றம் மெதுவாகத் தொடர்கிறது. அதனால்தான் நல்ல சுருட்டுகளைப் பல ஆண்டுகள் முதிரவிடுகிறார்கள். 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 16 முதல் 20 பாகை வெப்பமும் உள்ள பெட்டி அதற்கு வேண்டும். ஈரம் குறைந்தால் மேலிலை வெடிக்கும், கூடினால் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பம் ஏறினால் இலைக்குள் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்துச் சுருட்டைத் துளைத்துவிடும். பெட்டியின் உட்புறத்தை ஸ்பானிய சீடர் பலகையால் இழைக்கிறார்கள். பெயரில் சீடர் என்றிருந்தாலும் அது நம் வேம்பும் மலைநாட்டு மகோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம். இத்தனை பக்குவத்தோடு பத்து ஆண்டு, இருபது ஆண்டு காத்திருப்பதே இந்தப் பொழுதுபோக்கின் சாரம். ஒரே ஆண்டின், ஒரே ஆலையின் பெட்டிகளை வாங்கி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றை எடுத்துச் சோதித்து, மாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதி வருபவர்கள் உண்டு.

காலம்தான் இங்கே விலைபோகிறது என்றால், சுருட்டின் வயது எப்படித் தெரியும்? சுருட்டு தன் வயதைத் தானே சொல்லாது. வயதைச் சொல்வது பெட்டி. ஹவானாப் பெட்டிகளுக்கு உத்தரவாத முத்திரை ஒட்டும் வழக்கம் 1889இல் ஸ்பானிய அரச ஆணையால் வந்தது. சுதந்திரக் கியூபா அதை 1912இல் சட்டமாக்கியது. 1961ஐ ஒட்டிப் பெட்டியின் அடியில் சுட்ட ஆங்கில வாசகம் போய், கியூபாவில் செய்தது என்னும் ஸ்பானிய வாசகம் வந்தது. 1985 முதல் ஆலையையும் மாதத்தையும் குறிக்கும் குறியீடு சேர்ந்தது. 1989இல் முழுவதும் கையால் செய்தது என்ற வரி கூடியது. ஆகவே பெட்டியைத் திருப்பிப் பார்த்தே பழகியவர் அதன் காலத்தைச் சொல்லிவிட முடியும். 2003இல், மின் ரொன் நீ என்ற பெயரில் ஹொங்கொங் சேகரிப்பாளர் ஒருவர், புரட்சிக்குப் பிந்தைய ஹவானாச் சுருட்டுகளுக்குப் படங்களோடு ஒரு கலைக்களஞ்சியமே வெளியிட்டார். எந்த வகை எந்த ஆண்டில் தொடங்கியது, எப்போது நின்றது, அதன் காகித வளையம் எப்போதெல்லாம் மாறியது என்று வகைவாரியாக அதில் இருக்கிறது. பழைய சுருட்டு வாங்குபவர்களுக்கு அந்நூல்தான் இன்றும் முதல் துணை. அதை எழுதியது அரசோ ஆலையோ அல்ல, தன் விருப்பத்தால் திரட்டிய ஒரு தனிமனிதர் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1996இல் நியூயோர்க்கில் சொதபீஸ் ஏல நிறுவனம் நடத்திய கென்னடி குடும்ப ஏலம், பதிவுக்கே விலை என்பதற்கு இன்னும் கூர்மையான சாட்சி. ஜோன் கென்னடி பதவியேற்றபோது நகைச்சுவை நடிகர் மில்டன் பெர்ல் அவருக்குப் பரிசளித்த சுருட்டுப் பெட்டி ஒன்று அங்கே விற்பனைக்கு வந்தது. இரண்டாயிரம், இரண்டாயிரத்து ஐந்நூறு டொலர் போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். சுருட்டு இதழ் ஒன்றின் வெளியீட்டாளர் மார்வின் ஷாங்கன் அதை 574,500 டொலருக்கு வாங்கினார். அதே மரத்தில் அதே அளவில் அதைவிட நேர்த்தியான பெட்டியைச் சில நூறு டொலருக்குச் செய்வித்துக்கொண்டிருக்கலாம். மீதிப் பணம் முழுவதும் பெட்டியில் பொறித்திருந்த பெயருக்கும் 1961 ஜனவரி 20 என்ற நாளுக்கும் கொடுத்தது.

என் வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு இலையைப் பற்றியது. கியூபாவின் மேற்கிலுள்ள பினார் டெல் ரியோ மாகாணத்து மண்ணில் விளையும் இலையும் யாழ்ப்பாணத்துச் செம்மண் இலையும் ஒன்றல்ல என்பார்கள். ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். யாழ்ப்பாணப் புகையிலை பெரும்பாலும் காரத்துக்காகவே வளர்ந்தது. ஒல்லாந்தர் காலத்திலேயே அதற்குத் திருவிதாங்கூரில் பெரிய சந்தை இருந்தது. வாயில் போட்டு மெல்லும் அந்த இலைக்கு மலையாளப் புகையிலை என்றே பெயர் நிலைத்தது. குடிலில் தொங்கவிட்டுப் பொச்சுமட்டை எரித்துப் புகையூட்டுவதும், பாணியில் தோய்ப்பதும் அதற்கு ஒரு தனி மணத்தைத் தந்தன. மலையாளச் சந்தை சுருங்கச் சுருங்க, உள்நாட்டுச் சந்தைக்கான சுருட்டு முன்னுக்கு வந்தது. அது சுற்றிச் சில வாரங்களில் விற்றுத் தீரவேண்டிய சரக்கு, இருபது ஆண்டு முதிரவைக்கச் செய்ததல்ல. ஆனால் தரம் மட்டுமே புகழைத் தீர்மானிக்கும் என்றால் திருச்சிச் சுருட்டின் கதை விளங்காது. உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுற்றிய அந்தச் சுருட்டும் காரமான, எளிய சுருட்டுதான். இருந்தும் உலகெங்கும் அதன் பெயரை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். 1887இல் வெளியான முதல் ஷேர்லக் ஹோம்ஸ் நாவலில், அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். ஆர்தர் கொனன் டொயிலின் அந்தப் பக்கம் அச்சில் இருக்கும்வரை திருச்சிச் சுருட்டுக்கு மறைவில்லை. வின்ஸ்டன் சேர்ச்சில் அதை விரும்பிப் புகைத்தார் என்று தமிழ்நாட்டில் பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். அதைக் காட்டிலும் வலுவாக அந்தச் சுருட்டைக் காப்பாற்றியது ஒரு நாவலின் வரி.

யாழ்ப்பாணத்தில் எழுதத் தகுந்த வாழ்க்கை இல்லாமலில்லை. கொக்குவில், கோண்டாவில், தாவடி, இணுவில் பக்கங்களில் சுருட்டுக் கொட்டில்கள் நிறைந்திருந்தன. ஆயிரம் சுருட்டுக்கு இவ்வளவு என்று கூலி. வரிசையாக உட்கார்ந்து கை ஓயாமல் சுற்றுவார்கள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருந்தது. ஆகவே ஒருவர் செய்தித்தாளையோ கதைப் புத்தகத்தையோ உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள் உலகப் போரையும் உள்ளூர்த் தேர்தலையும் வாதிக்கக் கற்றது இந்தக் கொட்டில்களில். யாழ்ப்பாணத்தின் இடதுசாரி அரசியலும் தொழிற்சங்க உணர்வும் சுருட்டுத் தொழிலாளரிடையே வேர்விட்டதில் வியப்பில்லை. இதே வழக்கம் ஹவானாவிலும் இருந்தது. 1865இல் எல் பிகாரோ ஆலையில் தொடங்கி, வாசிப்பவருக்குத் தொழிலாளரே கூலி கொடுத்து நாளிதழும் நாவலும் கேட்டார்கள். மொன்டே கிறிஸ்டோ என்ற சுருட்டுப் பெயர், அலெக்ஸாந்தர் டூமாவின் நாவலை ஆலையில் விரும்பிக் கேட்டதால் வந்தது என்பார்கள். அந்த வாசிப்பைக் கியூபா 2012இல் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. எங்கே, எப்போது, எந்த ஆலையில் தொடங்கியது என்று சொல்ல அவர்களுக்கு ஏடு இருந்தது. யாழ்ப்பாணக் கொட்டில் வாசிப்போ சிலரின் நினைவுக் கட்டுரைகளிலும் கதைகளிலும் ஒரு பத்தி, இரண்டு பத்தியாகச் சிதறிக் கிடக்கிறது.

எழுதாமல் விட்டது நம் சோம்பல் மட்டும் என்று சொல்வது நியாயமாகாது. எழுதியதும் அழிக்கப்பட்டது. தெற்கிலிருந்த யாழ்ப்பாணத்தாரின் கடைகள் 1958லும் 1977லும் இன வன்முறையில் தாக்கப்பட்டன. 1983 ஜூலையில் கண்டியிலும் மாத்தளையிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது கல்லாப்பெட்டியோடு கணக்குப் புத்தகங்களும் எரிந்தன. யாழ்ப்பாணப் பொது நூலகம் அதற்கு முன்பே, 1981இல், ஏறத்தாழ 97,000 நூல்களோடு சாம்பலாகியிருந்தது. பின்பு போர்க் காலத்தில் ஏ9 வீதி ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்தது; 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, போர் முடிந்த பின்பே நிலையாகத் திறந்தது. இழப்பு வன்முறையால் மட்டும் வரவில்லை. கண்டிப் பக்கத்திலேயே தும்பறைப் பள்ளத்தாக்கும் ஒரு காலத்தில் புகையிலைக்குப் பேர்போன இடம். 1985இல் திறந்த விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரமும் அதைச் சுற்றிய விளைநிலங்களும் நீரில் மூழ்கின. இத்தனை இழப்புக்குப் பிறகும் எஞ்சியிருக்கும் துண்டுகளைச் சேர்ப்பது, ஹவானாப் பெட்டி ஒன்றை ஏலத்தில் எடுப்பதைவிடப் பெரிய சேகரிப்பு என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு வரும் மறுப்புகளில் மிகக் கனமானது உடல்நலம் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே ஆபத்தில்லை என்பது பழைய நம்பிக்கை, அது தவறு. சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது. அதனால் நிக்கொட்டின் வாயின் மென்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்க்குச் சுருட்டு காரணமாகிறது என்பதை அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998இல் சுருட்டுக்கென்றே வெளியிட்ட தனி அறிக்கையில் விரிவாகக் காட்டியது. ஆந்திரக் கடற்கரையில் எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களிடம் மேலண்ணப் புற்றுநோய் மிகுந்திருப்பதை மருத்துவர்கள் பல தசாப்தங்களாக எழுதி வந்திருக்கிறார்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோயே வாய்ப் புற்றுநோய்தான். வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கு அதில் பெரும் பங்கு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தையும் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் தடைசெய்தது சரியான காரியம். சுருட்டைச் சுவைக்கப் பழகுங்கள் என்று இளம் வாசகர் எவருக்கும் சொல்ல என் மனம் இடம் தராது.

அப்படியானால் சேகரிப்பு என்ற பேச்சே புகைப்பழக்கத்துக்கு வேறு வழியில் மினுக்குப் பூசுவதாகாதா? ஆகும் என்பதற்குச் சான்றும் இருக்கிறது. தோல் நாற்காலி, மங்கிய விளக்கு, விலையுயர்ந்த பெட்டி என்று சுருட்டை அந்தஸ்தின் அடையாளமாக்கிய இதழ்கள் 1990களில் அமெரிக்காவில் சுருட்டு விற்பனையை உயர்த்தின. ஆகவே எதைச் சேர்க்கிறோம் என்பது முக்கியமாகிறது. கென்னடியின் பெட்டி காட்டுவது போல, சேகரிப்பின் மதிப்பு பதிவில் இருக்கிறது என்றால், பதிவைச் சேர்க்க நெருப்புக்குச்சி வேண்டியதில்லை. பெட்டிச் சித்திரங்களையும் காகித வளையங்களையும் மட்டும் சேகரிப்பவர்கள் ஐரோப்பாவில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவே இருக்கிறார்கள். அவர்களில் பலர் சுருட்டைத் தொடாதவர்கள். கண்டியின் தட்பவெப்பமும் இந்தப் பக்கமே சாய்கிறது. மழைக்காலத்தில் 80 சதவீதத்தைத் தாண்டும் ஈரப்பதத்தில், குளிரூட்டாத அறையில் சுருட்டை முதிரவைப்பது வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்து வைப்பதாக முடியும். காகிதத்துக்கும் ஈரம் பகைதான். ஆனால் அமிலமற்ற உறை, சிலிக்கா மணிகள் போட்டு இறுக மூடிய பெட்டி, பிரதி எடுத்த படம் ஆகியவற்றால் அதைக் காக்கலாம்.

இன்னொரு மறுப்பு சமூகத்தைப் பற்றியது. சுருட்டுத் தொழில் குறைந்த கூலியிலும் நெருக்கமான கொட்டிலிலும் புகையிலைத் தூசியிலும் நடந்தது. தெற்குக் கடைகளுக்குச் சிறுவயதிலேயே அனுப்பப்பட்ட பையன்கள் முதலாளியின் கண்ணசைவுக்கு ஏற்ப வாழ்ந்தார்கள். அதை ஏன் இன்று பெருமையாகத் தூக்கிப் பிடிக்க வேண்டும் என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் பதிவு இல்லாத இடத்தில்தான் பெருமை வளர்கிறது. கூலிப் பட்டியலும் கடன் புத்தகமும் கையில் இருந்தால் ஆயிரம் சுருட்டுக்கு முதலாளி பெற்றது எவ்வளவு, சுற்றியவர் பெற்றது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கலாம். அவை இல்லாவிட்டால் முதலாளிகளின் கொடையும் கோயில் திருப்பணியும் மட்டுமே கல்வெட்டில் எஞ்சும். தொழிலாளியின் பக்கத்தைக் காப்பாற்ற விரும்புபவரே முதலில் இந்தத் துண்டுத் தாள்களைத் தேட வேண்டும். 2020க்குள் புகையிலைச் செய்கையை நிறுத்துவதாக அரசு அறிவித்து, அது நிறைவேறாமல் போயிற்று. ஆனாலும் பயிர் குறைந்து வருகிறது. மாற்றுப் பயிருக்குப் போகும் தோட்டக்காரருக்கு அது நல்லதாகவே இருக்கட்டும். பயிர் போன பிறகு அதைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது.

தேட வேண்டியவை கண்டிச் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. ஏ9 வீதியோரப் பழைய கடைகளின் பரணில் ரயில் பொதிச் சீட்டு, விலைச் சிட்டை, கட்டின் மேல் ஒட்டிய லேபல், சுருட்டு வந்த பெட்டியின் பலகை ஆகியவை கிடக்கக்கூடும். சிங்கள, முஸ்லிம் குடும்பங்கள் பின்பு வாங்கி நடத்திய கடைகளையும் கேட்க வேண்டும். அவர்களின் நினைவிலும் இந்த வியாபாரம் பாதி இருக்கிறது. தோட்டப்புறக் கோயில்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சாராயத்தோடு சுருட்டும் படைக்கும் வழக்கம் மலையகத்தில் தொடர்கிறது. பூசாரி அந்தச் சுருட்டை எந்தக் கடையில் வாங்கினார், முன்பு எங்கிருந்து வந்தது, இப்போது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விகளுக்கான விடை ஒரு வியாபாரப் பாதையின் வரைபடமாகவே அமையும். ஒவ்வொரு பொருளோடும் ஊர், கடை, கிடைத்த நாள், கொடுத்தவர் சொன்ன செய்தி ஆகிய நான்கையும் அன்றே எழுதிவிட வேண்டும். இது இல்லாத லேபல் வெறும் வண்ணத் தாள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் நிறுவனத்துக்கு இத்தகைய துண்டு ஆவணங்களின் மின்பிரதியைக் கொடுக்கலாம். மூலப்பொருள் உரியவரிடமே இருக்கட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்று உண்டு. கொட்டிலில் சுற்றியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். நாளுக்கு எத்தனை சுற்றினார்கள், எந்த ஊர் இலை மேலிலைக்கு வந்தது, வாசித்தவர் யார், எந்தப் பத்திரிகை, எந்தக் கதை வந்தபோது எல்லோரும் கையை நிறுத்திக் கேட்டார்கள் என்று அவர்களிடம் இப்போதே கேட்டு ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும்.